புனிதப் பயணத்தில் பிள்ளைக் காவல்

ஒரு காலத்தில் புனித மக்காவுக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் முதியவர்களாகவே இருந்தனர். மக்களை மணமுடித்து, கடன்களைத் தீர்த்து, உற்றார் உறவினரிடமும் ஊராரிடமும் பொருத்தம் கேட்டுக்கொண்டு, மும்பைத் துறைமுகத்தில் கப்பலேறுவார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்றோ காலையில் சென்னையில் விமானம் ஏறினால் அன்றைக்கே ஜித்தாவில் இறங்கிவிடலாம். ரியாதிலும் தம்மாமிலும் பணிபுரிவோர் வார விடுமுறையில் குடும்பத்தோடு காரிலேயே வந்து உம்ராச் செய்து திரும்புகின்றனர். அதனால் இளந்தம்பதியர் கைக்குழந்தையோடும், தளர்நடை பயிலும் பிள்ளையோடும் ஹரம் ஷரீஃபுக்கு வரும் காட்சி இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! மகிழத்தக்க மாற்றம்தான்.

ஆனால் இந்த மாற்றத்தோடு ஒரு கேள்வியும் உடன் வந்திருக்கிறது. பாங்கு ஒலிக்கிறது, விடுதியிலிருந்து ஹரமுக்குப் பத்து நிமிட நடை. கணவர் ஒளூச் செய்துவிட்டார். மனைவியும் ஆவலோடு நிற்கிறார். கட்டிலில் குழந்தை உறங்குகிறது. அதை யாரிடம் விட்டுச் செல்வது?

இந்தக் கேள்விக்கு ஊரிலிருந்து புறப்படும் முன்னரே விடை தேடிக்கொள்ளாதவர்கள் அங்கே போய்த் தடுமாறுகின்றனர். தடுமாறியவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

இருபத்தைந்து நிமிடம்

2013ஆம் ஆண்டு. நாங்கள் நாற்பது பேர் கொண்ட குழுவாக உம்ரா முடித்து மதீனாவில் தங்கியிருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. குழுப் பயணங்களின் வழக்கப்படி பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை என்று பிரித்துத் தந்திருந்தார்கள். என் மனைவியும் மாமியாரும் இன்னும் இரு பெண்களும் ஓர் அறையில் இருந்தனர். போவோரும் வருவோருமாக இருந்ததால் அந்த அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி இடையில் ஒரு செருப்பைச் செருகி வைத்திருப்பார்கள்.

அன்று மக்ரிபுக்கு என் மனைவி முன்னதாகவே பெண்கள் பகுதிக்குச் சென்றுவிட்டார். பிள்ளை என்னிடம் இருந்தது. நேரம் நெருங்கவே, அவளைப் பெண்கள் அறையின் வாசலில் விட்டு, “மாமி, பிள்ளை இங்கேதான் இருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று குரல் கொடுத்துவிட்டு விரைந்தேன். உள்ளே யாரோ “சரி” என்றது போல் இருந்தது. மாமியார் அப்போது குளியலறையில் ஒளூச் செய்துகொண்டிருந்தார். என் குரல் அவர் காதில் விழவேயில்லை. அறையிலிருந்த இன்னொரு பெண்மணி, தகப்பன் கூடவே பிள்ளை நிற்பதைப் பார்த்ததால், நானே அழைத்துச் செல்கிறேன் என்று எண்ணிக்கொண்டார்.

தொழுது முடித்துத் திரும்பினால் பிள்ளை இல்லை. மாமியார் என்னைப் பார்த்துக் கேட்கிறார்: “தம்பி, பிள்ளை எங்கே?” நான் அவரைப் பார்த்துக் கேட்கிறேன்: “உங்களிடம்தானே விட்டேன்?” அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நின்ற அமைதியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

படிக்கட்டு, நடைவழி, உணவுக்கூடம், வாசல் என்று இருபத்தைந்து நிமிடம் தேடினோம். தொழுகை முடிந்து திரும்பிய கூட்டத்தில் ஆறு லிஃப்டுகளும் நிரம்பி வழிந்தன. கடைசியில் வரவேற்பு மேசையிலிருந்து ஆள் வந்தது. என்னைத் தேடி வெளியே வந்த பிள்ளை, யாரோ ஏறிய லிஃப்டில் தானும் ஏறி, நான்கு மாடி தள்ளி இறங்கியிருக்கிறாள். அங்கே படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த வங்காள தேசத்துத் தொழிலாளி ஒருவர் அழுகின்ற பிள்ளையைக் கண்டு, தன் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு பேரீச்சம் பழத்தைக் கையில் கொடுத்து, தரையில் அவள் அருகே அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது; அவளுக்கு வேறு மொழி தெரியாது. அவள் கையிலோ கழுத்திலோ ஓர் எண்கூட இல்லை. பிறகு அவரே அவளைக் கீழே அழைத்து வந்து ஒப்படைத்தார்.

அல்லாஹ் அந்த நல்லவருக்கு நற்கூலி வழங்குவானாக! குறை விடுதியின் மீதும் இல்லை, மாமியார் மீதும் இல்லை. ஒப்படைக்காமலேயே ஒப்படைத்துவிட்டதாக நினைத்த என் மீதுதான்.

அன்னை ஹாஜரா கற்றுத் தரும் பாடம்

நாம் உம்ராவில் செய்யும் ஸஃயு எதன் நினைவு? தாகத்தால் தவித்த தன் பச்சிளங் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களுக்காக அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடிய ஓட்டத்தின் நினைவன்றோ! ஒரு முறைக்குச் சுமார் 450 மீட்டர். ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். நடுவே பச்சை விளக்குகள் எரியும் பகுதியில் ஆண்கள் சற்று விரைந்து ஓடுகிறார்கள் அல்லவா? அன்று அது பள்ளமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கியபோது குழந்தை கண்ணுக்கு மறைந்ததனால்தான் அன்னை அவர்கள் அங்கே ஓடினார்கள் என்று பெரியோர் விளக்குவர்.

சிந்தித்துப் பாருங்கள். பிள்ளை கண்ணை விட்டு மறைந்த சில கணங்களின் பதைப்பு, உலக முஸ்லிம்கள் கோடிக்கணக்கானோர் மேற்கொள்ளும் வணக்கமாக நிலைபெற்றுவிட்டது. அந்த வணக்கத்தை நிறைவேற்றச் சென்ற நாம், நம் பிள்ளையை ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடலாமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்தவாறே தொழுததும், ஸுஜூதுக்குச் செல்லும்போது கீழே இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கின்றன. குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பதும் புகாரீயில் உண்டு. ரவ்ஹா என்னுமிடத்தில் ஒரு பெண்மணி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று வினவியபோது, உண்டு என்றும், அதற்குரிய கூலி அவருக்கும் உண்டு என்றும் விடையளித்ததை முஸ்லிம் நூல் அறிவிக்கிறது. ஆக, வணக்கத்துக்குப் பிள்ளை இடையூறு அன்று. பிள்ளையைக் காப்பதும் பயணத்தின் வணக்கங்களுள் ஒன்றே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் வருகிறது. ஹரம் பூமியில் நம் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று அசட்டையாக இருப்பது தவக்குல் ஆகாது.

உறங்குகிற பிள்ளையைத் தனியே விடலாமா?

கதவைச் சாத்திவிட்டுப் போய் அரைமணியில் வந்துவிடலாம் என்று நினைப்போர் பலர். கூடாது, ஒருபோதும் கூடாது.

2007 மே 3 அன்று போர்ச்சுகல் நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில், விடுமுறைக்கு வந்த பிரிட்டிஷ் தம்பதியர் தம் மூன்று குழந்தைகளையும் தங்குமிடத்தில் உறங்க வைத்துவிட்டு, அருகிலிருந்த உணவகத்தில் நண்பர்களோடு இரவு உணவு அருந்தினர். இடையிடையே வந்து பார்த்தும் சென்றனர். அப்படியிருந்தும் மூத்த குழந்தை மாட்லின் மெக்கான் காணாமற் போனாள். நான்கு வயது நிறைய அவளுக்குச் சில நாட்களே இருந்தன. பல நாட்டுக் காவல் துறையினர் தேடியும் அவள் கிடைக்கவில்லை. அந்தப் பெற்றோரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. ‘அருகில்தானே இருக்கிறோம்’ என்பது காவலாகாது என்பதற்கே சொல்கிறேன்.

பிறர் தூக்கிச் செல்ல வேண்டியதுகூட இல்லை. விழித்த பிள்ளை கட்டிலிலிருந்து விழலாம். சன்னலோரம் கிடக்கும் சோபாவில் ஏறலாம். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளலாம். கதவைத் திறந்து நடைவழியில் இறங்கலாம். விடுதிக் கதவுகள் உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தினால் திறந்துகொள்பவை. வெளியேறியதும் தாமே பூட்டிக்கொள்பவை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளை நன்றாக உறங்கட்டும் என்று சளி மருந்தையோ ஒவ்வாமைக்கான மருந்தையோ ஊட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. அது பெருந்தீங்கு. அவை உறக்க மருந்துகள் அல்ல. அளவு மிகுந்தால் குழந்தையின் மூச்சையே தடுக்கக்கூடியவை.

யார் பார்த்துக்கொள்வது?

முதல் விடை: தாயும் தந்தையும் முறை வைத்துக்கொள்வது.

நம் இல்லங்களில் ஒரு குறை உண்டு. கணவர் ஐவேளையும் ஹரமில் தொழுவார், தஹஜ்ஜுதுக்கும் போவார், நஃபிலான தவாஃபுகளும் செய்வார். மனைவி பிள்ளையோடு அறையிலேயே இருப்பார். பத்து நாள் தங்கி, கஅபாவை இரண்டு மூன்று முறைக்கு மேல் காணாமல் கண்ணீரோடு திரும்பிய சகோதரிகளை நான் அறிவேன். பெண்களுக்கு ஜமாஅத் கடமையில்லைதான். விடுதி அறையில் தொழுவதில் குற்றமில்லைதான். மக்காவின் ஹரம் எல்லை முழுவதற்கும் தொழுகையின் சிறப்பு உண்டு என்பது அறிஞர் பலரின் கருத்து. எனினும் அதைச் சாக்காக வைத்துக் கணவர் தன் பங்கைத் தட்டிக்கழிக்கலாகாது. ஆண் தன் வீட்டாருக்கு மேய்ப்பாளன், அவர்களைக் குறித்து அவன் வினவப்படுவான் என்ற நபிமொழியை நாம் மேடையில் கேட்கிறோம். விடுதி அறையில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்குக் கணவர், ளுஹாவுக்கு மனைவி. ளுஹருக்கு இருவரும் பிள்ளையோடு. இஷாவுக்குப் பின் கணவர் அறையில் இருக்க, மனைவி வேறு பெண்களோடு தவாஃபுக்கு. இவ்வாறு பகிர்ந்துகொண்டால் இருவர் உள்ளமும் நிறையும். மதீனாவில் ரவ்ளாவில் தொழ ‘நுசுக்’ செயலியில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரம் அமையாமல் பார்த்துப் பதிவு செய்தால், ஒருவர் செல்லும்போது மற்றவர் பிள்ளையோடு இருக்கலாம்.

உம்ராவையும் அவ்வாறே செய்யலாம். நெரிசலைப் பொறுத்து தவாஃபும் ஸஃயும் முடிய இரண்டு மூன்று மணி நேரமாகலாம். பயணக் களைப்போடு இறங்கியவுடன் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஒருவர் முடித்துத் திரும்பும்வரை மற்றவர் இஹ்ராமுடனேயே அறையில் காத்திருக்கலாம். பிள்ளையைச் சுமந்து தவாஃப் செய்வதாயின், புறப்படும் முன் சுத்தம் செய்து புதிய அணையாடை கட்டிவிடுங்கள். அசுத்தத்தோடு சுமப்பது பற்றிய சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் ஊரிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது விடை: உடன் வரும் உறவினர். பாட்டியோ, ராத்தாவோ, மாமியோ பார்த்துக்கொள்வது பெரும் உதவி. ஆனால் அவரும் வணக்கத்துக்காகவே வந்தவர் என்பதை மறக்கலாகாது. முழங்கால் வலியுள்ள முதியவரால் ஓடும் பிள்ளையைப் பிடிக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். அவரிடம் கேட்டு, அவர் இசைந்த நேரத்தில் மட்டும் விடுங்கள்.

மூன்றாவது விடை: காப்பகம். மக்கா ஹரம் வளாகத்திலேயே 2024ஆம் ஆண்டில் குழந்தைகள் காப்பகம் திறக்கப்பட்டது. பெரிய விடுதிகள் சிலவற்றிலும் குழந்தைகளுக்கான தனிக்கூடமோ, கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் பெண்களோ உண்டு. இவற்றை நாடுவோர், விடுதியில் பதிவு செய்யும்போதே இவற்றைக் கேட்டறிய வேண்டும்: எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள்? ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? பார்ப்பவர் விடுதியின் ஊழியரா, வெளியாளா? அவருடைய அடையாளச் சான்றை விடுதி பதிந்து வைத்திருக்கிறதா? பிள்ளையைத் திரும்பப் பெற வருவோரிடம் என்ன சான்று கேட்பார்கள்? எவரிடமும் எதுவும் கேட்காமல் பிள்ளையைக் கொடுத்துவிடும் இடம், காப்பகம் என்ற பெயருக்கே தகுதியற்றது.

முதல் நாளே மூன்று மணி நேரம் விட்டுவிடாதீர்கள். முதலில் நீங்களும் உடனிருங்கள். பிறகு அரைமணி விட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகத்தையும், அது திரும்பி வந்து சொல்வதையும் கவனியுங்கள். அங்கே போகமாட்டேன் என்று அஞ்சி அழுதால், ‘பிடிவாதம்’ என்று தள்ளிவிடாமல் காரணம் கேளுங்கள். நடைவழியில் சிரித்துப் பேசிய அறிமுகமற்றவரிடம், அவர் எவ்வளவு தீன்தாரியாகத் தோன்றினாலும், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். நம் ஊர்க்காரர், நம் குழுவினர் என்பது மட்டும் போதாது.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைத் திறக்கும் முன், பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து ஒருமுறை அறையைப் பாருங்கள். வெந்நீர்க் கெண்டியை உயரத்தில் வையுங்கள். அதன் மின்கம்பி தொங்கலாகாது. சன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் தாழிட்டு, நாற்காலியையும் கட்டிலையும் அங்கிருந்து நகர்த்துங்கள். திரைச்சீலைக் கயிற்றை எட்டாமல் கட்டிவிடுங்கள். குளியலறைக் குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று சோதியுங்கள். கதவின் மேல்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கதவிடுக்கில் செருப்பைச் செருகும் வழக்கத்தை விட்டொழியுங்கள்.

முதியோருடன் அறையைப் பகிர்ந்துகொள்வோர் இன்னொன்றில் விழிப்பாக இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் தலையணை அடியிலும் கைப்பையிலும் கிடக்கும். அவற்றில் ஓரிரண்டு மாத்திரைகூட குழந்தையின் உயிருக்கு உலை வைக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே பையிலிட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

விரலில் மாட்டிக்கொண்டு எண்ணும் தஸ்பீஹ் கருவியைப் பலரும் வாங்குகிறார்கள். அதற்குள் இருப்பது பொத்தான் வடிவ மின்கலம். பிள்ளை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயை அது அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே தாமதமின்றி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செம்பிறைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் எண் 997. மக்காவில் அவசர உதவிக்கு 911.

வெளியே செல்லும்போது

பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் சவூதி தொலைபேசி எண்ணும் விடுதியின் பெயரும் எழுதிய பட்டை இருக்கட்டும். பட்டை இல்லையேல் பேனாவால் கையிலேயே எழுதிவிடலாம். விடுதியின் பெயர் அரபியில் அச்சிட்ட அட்டையொன்றை அதன் சட்டைப் பையில் வையுங்கள். காலையில் உடையணிவித்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன நிறச் சட்டை?’ என்று எவரும் கேட்டால் பதற்றத்தில் நினைவுக்கு வராது. தொழுகை முடிந்தவுடன் லிஃப்டை நோக்கி விரையாமல் கால்மணி பொறுத்து வாருங்கள். லிஃப்டில் ஏறும்போது பிள்ளையைக் கையால் பற்றியிருங்கள், அல்லது தூக்கிக்கொள்ளுங்கள்.

ஹஜ்ஜின் பெருங்கூட்டத்தைக் கருதி, 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குக் குழந்தைகளை உடன் அழைத்துவர அனுமதியில்லை என்று சவூதி ஹஜ் அமைச்சகம் அறிவித்தது. நெரிசல் பெரியவர்களுக்கே சோதனை, பிஞ்சுகளுக்கு ஆபத்து. உம்ராவுக்குச் செல்வோரும் ரமளானின் கடைசிப் பத்தைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த காலத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

ஒரே ஒரு சொல்

இத்தனையும் எழுதிய பின், எல்லாவற்றினும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றும்போது, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லி, வாயால் பதில் பெற வேண்டும்.

அந்த மதீனா மாலைக்குப் பின் எங்கள் வீட்டில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. “பிள்ளை இனி உன் பொறுப்பு” என்று நான் சொல்வேன். “ஆம், என்னிடம் இருக்கிறது” என்று என் மனைவி சொல்லும்வரை வாசலைத் தாண்டமாட்டேன். அவரும் அப்படியே, “பிள்ளை இனி உங்கள் பொறுப்பு” என்று சொல்லி, என் பதிலைப் பெற்ற பிறகே நகர்வார். அமானிதம் என்றால் இதுதானே! கொடுப்பவர் கொடுத்ததை அறிய வேண்டும். வாங்குபவர் வாங்கியதை அறிய வேண்டும். பத்து ரூபாய்க் கடனுக்கும் சாட்சி தேடுகிற நாம், பெற்ற பிள்ளையைக் காற்றில் குரல் கொடுத்து ஒப்படைக்கலாமா?

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் உம்ராவுக்குச் சென்றோம். ஒருநாள் இஷாவுக்குப் பின் என் மனைவி தன் தமக்கையோடு தவாஃபுக்குச் சென்றார். நான் அறையில் மகளோடு இருந்தேன். நள்ளிரவு தாண்டி, கண்கள் சிவக்க, முகம் மலர அவர் திரும்பினார். “இன்றுதான் கஅபாவை மனநிறைவோடு பார்த்தேன்” என்றார். அன்று ஜமாஅத்தோடு இஷாத் தொழாமல் அறையில் தொழுத எனக்கு, அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

புனிதப் பயணம் நாடும் அனைவருக்கும் அதை எளிதாக்கித் தந்து, நம் பிள்ளைகளைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக்கி, நம் கையிலுள்ள அமானிதங்களைப் பேணிக் காக்கும் நல்லுள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.